லெசோத்தோவை விசாரித்த ஆயம்மா

நான் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்த முதல் வாரம், பிள்ளை மடுவத்து ஆயம்மா தடுப்பூசிப் பட்டியலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்தக் காம்பராவுக்கு ஒரு வாசல்தானுங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"சன்னலுக்கும் கம்பி போட்டிருக்கு. ஓடணும்னா எந்தப் பக்கம் ஓடுவீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கஹவத்தையில் சிங்களப் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன், சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. "நான் எதுக்கு ஓடணும் ஆயம்மா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "சும்மா கேட்டேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று மத்தியானம் அந்த ஜன்னல் கம்பிகளை நான் எத்தனை தடவை திரும்பிப் பார்த்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

தெரணியகலைக்கு மேலே இருந்த றப்பர் தோட்டம் அது. உச்சியில் கொஞ்சம் தேயிலை, மற்றதெல்லாம் றப்பர். நாலு பக்கமும் சிங்களக் கிராமங்கள். தாய்மார் விடியக்காலையில் றப்பர்ப் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை மடுவத்தில் விட்டுப் போவார்கள். சேலைத் தொட்டில்களும் ஒரு நீளப் பாயும் போட்ட அந்த மண்டபத்தை முப்பத்தைந்து வயதுக்குள் இருந்த இந்த ஒருத்தர்தான் நடத்தினார். அவருக்குச் சொந்தத்தில் பிள்ளை இல்லை. அவர் பேரைச் செக்ரோல் என்கிற சம்பளப் பேரேட்டில் மாதாமாதம் எழுதியவன் நான். ஆனாலும் தோட்டத்தில் யாரும் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை. எல்லோருக்கும் அவர் ஆயம்மா.

ஒல்லியான உருவம். எப்போதும் இடுப்பில் ஒரு துண்டு கித்துல் கருப்பட்டியைக் கடதாசியில் சுற்றிச் செருகியிருப்பார். பேசும்போது ஆளின் முகத்தைப் பார்க்காமல் அவன் தோளுக்குப் பின்னால் பார்ப்பார். பெரிய கிளாக்கர் அவருக்கு 'பயந்தாங்கொள்ளி' என்று பட்டம் வைத்திருந்தார். அது சரியில்லை என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பயந்தாங்கொள்ளி நான். எனக்குப் பயம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது நல்லதாக நினைத்துக்கொள்வேன். ஆயம்மா பயத்தை விசாரிக்கிறவர். அது எவ்வளவு பெரிது, எந்தப் பக்கமாக வரும், எத்தனை பேராக வரும், வந்தால் நம்முடைய வழி எது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பதில் மோசமாக இருந்தால் பரவாயில்லை, பொய்யாக இருக்கக் கூடாது.

மடுவத்தில் ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தார். பழைய சேலை இரண்டை இணைத்து முறுக்கி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊமை ரயில் என்று பெயர். பின்வாசலால் இறங்கி, றப்பருக்குள்ளே ஓடைப் பள்ளம் வரை சத்தமில்லாமல் போய்த் திரும்ப வேண்டும். வாய் திறந்த பிள்ளை தோற்றது. திரும்பி வந்தால் ஆளுக்குக் கொஞ்சம் கருப்பட்டி. தோட்டத்தைப் பார்க்க வந்த நலன்புரி அம்மா ஒருத்தர் இதைப் பார்த்துப் பூரித்து, நல்ல தேகப் பயிற்சி என்று போட்டோகூடப் பிடித்துக்கொண்டு போனார். ஒரு நாள் நானும் போய்ப் பார்த்தேன். மூன்று வயதுப் பிள்ளை ஒன்று கல்லில் தடுக்கி விழுந்தது. முழங்கால் கிழிந்து ரத்தம். அந்தப் பிள்ளை அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து முடிச்சைப் பிடித்தது. இது விளையாட்டா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

அவர் வீட்டுக்காரர் அவிசாவளைப் பக்கத்தில் ஒரு கார்மெண்டில் தையல் மெஷின் மெக்கானிக். நல்ல கைகாரர். கழற்றிப் போட்ட மெஷினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பூட்டுவார் என்று சொல்வார்கள். மாதம் ஒரு தரம் வந்து போவார். அந்தக் கம்பெனியின் வெளிநாட்டு முதலாளிகள் வேறொரு நாட்டில் புது ஃபேக்டரி திறந்தபோது இவரையும் அங்கே கேட்டார்கள். ஆயம்மா ஒரு கடதாசித் துண்டோடு ஆபீசுக்கு வந்தார். அதில் இங்கிலீஷில் ஒரு பெயர் எழுதியிருந்தது.

"லெசோத்தோ" என்று வாசித்தேன்.

"அது எங்கங்க இருக்கு?"

சத்தியமாக எனக்குத் தெரியாது. அப்படி ஒரு நாடு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் கிளாக்கர் என்ற மிதப்பு ஒரு பக்கம், அவர் முகத்தில் இருந்த கலக்கத்தைப் பார்க்க முடியாத என் கோழைத்தனம் ஒரு பக்கம். "ஆப்பிரிக்காவில கடலோரமா இருக்கு. நம்ம நீர்கொழும்பு மாதிரி. தென்னையெல்லாம் உண்டு" என்று சொல்லிவிட்டேன்.

"அங்க ஒரு பிரச்சனைன்னா எந்தப் பக்கத்தால வெளிய வரலாம்?"

"கடல் இருக்கே. கப்பல் ஏறினா வந்திரலாம்."

அவர் முகம் தெளிந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு தேநீர் குடித்தேன்.

வீட்டுக்காரர் போய் ஒன்றரை மாதத்தில் முதல் கடுதாசி வந்தது. எங்கள் தோட்டத்தில் கடுதாசிகள் ஆபீசுக்கு வந்து, காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பிரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுக்கப்படும், அங்கேயும் அவர் ஆயம்மாதான். ஆயம்மா அங்கேயே நின்று வாசித்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"கிளாக்கரய்யா, கடலே இல்லையாமே."

எனக்குக் காது சூடேறியது.

"எல்லாம் மலையாம். தென்னையும் இல்லையாம். குளிருக்குக் கம்பளிதான் போத்திக்கிறாங்களாம்." அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க. நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா இல்லாத கடலுக்கு ஓடிப்போயி அவரு என்ன செய்வாரு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரத்தினபுரிக்குப் போய்ப் பழைய புத்தகக் கடையில் ஒரு அட்லஸ் வாங்கினேன். தென்னாப்பிரிக்காப் படத்தில் தேடித் தேடிக் கண்டுபிடித்தபோது எனக்கே பகீரென்றது. சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு நாடு. அதன் நாலு பக்கமும் ஒரே நாடு. வேறு எந்த நாட்டின் எல்லையும் அதைத் தொடவில்லை. பெயர் எழுத இடமில்லாமல் ஒரு இலக்கம் போட்டு, பெயரை ஓரத்தில் எழுதியிருந்தார்கள். காட்டாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு கொண்டுபோய்க் காட்டினேன்.

ஆயம்மா அந்த நகத்தளவைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். மறுபடியும் போட்டார்.

"சுத்தி ஒரே ஆளுங்களா?"

"ஆமா."

"நம்ம தோட்டம் மாதிரிதான்" என்றார். அதற்கு மேல் பயப்பட்டதாகத் தெரியவில்லை. அட்லஸை ஒரு வாரம் கடனாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், திருப்பித் தரவே இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கடிதத்தில் ஆளுக்கு ஆள் சுகம் விசாரிப்பார்கள், இந்த அம்மா ஊரை விசாரித்தார். கடித உறையின் மேல் இங்கிலீஷில் விலாசம் எழுதுவது என் வேலை என்பதால் உள்ளே என்ன கேட்டிருக்கிறார் என்று சில சமயம் சொல்வார். உங்க காம்பராவுக்கு எத்தனை வாசல்? ஃபேக்டரிக்கு நடந்தா எத்தனை எட்டு? ஆறு எந்தப் பக்கம்? பாலத்தைக் காவல் காக்கிறது யார்? அந்த மனுஷனும் சளைக்காமல் எழுதினார். மசேரு என்கிற தலைநகரத்துக்கு மேற்கே ஒரு ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்னாப்பிரிக்கா. குளிர் மாதத்தில் ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்குத்தான். ஃபேக்டரிக்குப் பின்னால் தட்டையான தலையுள்ள மலை. தகரக் கூரை காற்றில் பறக்காமலிருக்கக் கல் தூக்கி வைத்திருப்பார்கள். கம்பளியைத் தோளில் ஊசி குத்திப் போர்த்துக்கொண்டு குதிரையில் ஆட்கள் வருவார்கள். காணும்போதெல்லாம் 'லுமேலா' என்று வணக்கம் சொல்வார்கள், சொல்லாமல் போனால் மரியாதையில்லை. அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி, அந்த வீட்டுக்காரப் பெண், சோளக் களியும் கீரையும் வைத்துத் தருகிறாள். மலையில் அவளுக்கு ஒரு ஊர் இருக்கிறது, நடந்தால் ஒரு நாள்.

இதையெல்லாம் ஆயம்மா பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார். தெரணியகலை டவுனையே பார்த்திராத பிள்ளைகள் என்னைக் கண்டால் "லுமேலா, கிளாக்கரய்யா" என்று கத்தும். பனி எப்படி விழும் என்று எனக்கு விளக்கும். மடுவத்துச் சுவரில் பிள்ளைகளின் நிறை எழுதும் அட்டைக்குக் கீழே கரித்துண்டால் ஒரு படம் வரைந்திருந்தார். ஆறு, பாலம், ஃபேக்டரி, காம்பரா, மலை. வாசல் இருக்கிற இடமெல்லாம் ஒரு புள்ளி. நான் நாலு வருஷம் குப்பை கொட்டிய தோட்டத்தை அப்படி வரையச் சொன்னால் எனக்கு வராது. ஏதோ ஒரு கட்டத்தில் எனக்கும் அந்த நாட்டின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. பேப்பரில் அதன் பெயர் இருக்கிறதா என்று தேடுவேன். ஒரு நாளும் இருந்ததில்லை.

ஒரு செப்டெம்பரில் வந்தது. காலை ரேடியோச் செய்தியின் கடைசியில், கிரிக்கெட்டுக்கு முன்னால், ஒரே ஒரு வசனம். லெசோத்தோவில் கலவரம், தென்னாப்பிரிக்கப் படை உள்ளே புகுந்துவிட்டது, தலைநகரில் கடைகள் எரிகின்றன. அவ்வளவுதான். பிறகு கிரிக்கெட் ஸ்கோர் சொன்னார்கள்.

மடுவத்தில் ரேடியோ கிடையாது. நான்தான் சொல்லவேண்டும். போகும் வழியெல்லாம் சரியாகச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு கைப்பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டி நின்றது. "அங்க சின்னதா ஏதோ சலசலப்பாம். அடங்கிருச்சாம்" என்று என் வாய் சொன்னது.

மறுநாள் பேப்பரில் படத்தோடு வந்தது. ரோடு முழுக்கக் கண்ணாடித் தூள், கூரையில்லாத கடை வரிசை. ஆசிய நாட்டாரின் கடைகளைத் தேடித் தேடி எரித்தார்களாம். யாரோ கறி சுற்றி வந்த பேப்பரில் ஆயம்மா அதைப் பார்த்திருக்கிறார். அந்தத் துண்டை என் மேசையில் கொண்டுவந்து விரித்து வைத்தார். அதற்குப் பிறகு அந்த நாட்டைப் பற்றி என்னிடம் கேட்பதையே நிறுத்திவிட்டார். எனக்கு அது அறை வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

கடுதாசி வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். காலைப் பிரட்டில் பேர் கூப்பிட்டு முடியும் வரை நிற்பார். முடிந்ததும் பிள்ளைகளிடம் போய், "பாலத்துப் பக்கம் போகமாட்டாரு, வீட்டுக்காரப் பொண்ணோட மலைக்குத்தான் போவாரு" என்று கதையைத் தொடருவார். நாலாவது வாரம் நானே வலியப் போய், டவுனுக்குப் போய் டெலிபோன் எடுத்துப் பார்ப்போம் என்றேன். பஸ்ஸில் போனோம். டவுன் முகப்பில் இறக்கிப் பரிசோதித்தார்கள். "கொஹெத யன்னே?" என்று சிப்பாய் கேட்டான். எங்கே போகிறோம் என்று ஆயம்மா பிசகில்லாத சிங்களத்தில் பதில் சொன்னார். தண்ணீர் பட்ட பாடாக இருந்த என் சிங்களம் துப்பாக்கியைக் கண்டதும் எங்கேயோ போய்விட்டது.

டெலிபோன் எடுத்துக்கொடுக்கும் கொமினிகேஷன் கடையை நடத்திய முஸ்லிம் நானா தயவான மனுஷன். ஃபேக்டரி நம்பருக்கு ஏழெட்டு தடவை போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "மணி அடிக்குதுன்டா கட்டடம் ஈக்குது தங்கச்சி" என்று ஆறுதல் சொன்னார்.

"அப்படியா நானா? எரிஞ்ச கட்டடத்துக்கும் இங்க மணி கேக்குமா, கேக்காதா?" என்று ஆயம்மா கேட்டார்.

நானா என்னைப் பார்த்தார். பிறகு, "கேக்கவும் கூடும்" என்றார்.

"அதான் சரி" என்றார் ஆயம்மா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவராகவே பேசினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, யாரோ ஒருத்தர் கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். "நான் சின்னப் புள்ளையா இருக்கிறப்போ குருவிட்டப் பக்கம் இருந்தோம். கலவரம் வருதுன்னு மத்தவங்கல்லாம் காட்டுக்குப் போனாங்க. எங்கப்பா, நம்ம துரை இருக்காரு, இங்கல்லாம் வரமாட்டாங்க, பயப்படாதீங்கன்னாரு. நல்லதுக்குத்தான் சொன்னாரு. நாங்க பயப்படல. அம்மா சோறு ஆக்கிக்கிட்டிருந்தாங்க. அந்தச் சோத்த யாரும் திங்கல. அப்பாவ மறுநா தண்ணி ஓடுற கானுக்குள்ள பொணமாத்தான் எடுத்தோம்."

என் தொண்டைக்குள் நல்ல வார்த்தைகள் நாலைந்து தயாராக வந்து நின்றன. அத்தனையையும் விழுங்கினேன்.

நவம்பரில் எங்கள் பக்கம் பற்றிக்கொண்டது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு காவற்காரர் கொலையுண்டு கிடந்தார். அவர் கிராமத்துச் சிங்களவர். யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் பழி லயக் குடியிருப்புகளில் இருந்த தமிழ் ஆட்கள் மேல் விழுந்தது. மறுநாள் முற்பகல் பதினொரு மணி இருக்கும். பெண்கள் பால் வாளியோடு, பால் நிறுக்கும் ஸ்டோருக்கு இறங்கும் நேரம். தோட்டத்துத் துரை கொழும்புக்குப் போயிருந்தார். கீழ்ப்பக்க ரோட்டில் முதலில் சத்தம் கேட்டது, அப்புறம் ஸ்கூல் பக்க லயத்தில் புகை எழுந்தது. பெரிய கிளாக்கர் ஆபீசை உள்ளே பூட்டச் சொன்னார். எனக்கு அந்த ஒரே வாசலும் கம்பி போட்ட ஜன்னலும்தான் கண்ணில் பட்டன. அவர் பூட்டுவதற்குள் வெளியே பாய்ந்துவிட்டேன்.

பிள்ளைகளைக் காப்பாற்ற மடுவத்துக்கு ஓடினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்த ஆள் அந்தத் தோட்டத்தில் ஒருத்தர்தான் என்று என் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பத்தொன்பது பிள்ளைகளும் முடிச்சைப் பிடித்து நின்றார்கள். ஆயம்மா என் கையில் ஒரு கைப்பிள்ளையைத் திணித்தார், இன்னொன்றைத் தன் மார்பில் கட்டியிருந்தார். "கடைசியில வாங்க. யாரும் விழுந்தா தூக்குங்க. பேசாதீங்க" என்றார். பின்வாசலால் இறங்கினோம். றப்பர்த் தோட்டத்தில் மறைவே கிடையாது. மரத்துக்கு மரம் வெளி, நெடுந்தூரம் பார்வை போகும். முதுகு முழுக்கக் கண் முளைத்ததுபோல இருந்தது. ஓடைப் பள்ளத்தில் இறங்கி, பற்றைப் புதருக்குள்ளே பிள்ளைகளை இரண்டு வரிசையாகக் குந்த வைத்தார். கைப்பிள்ளைகள் வாயில் கருப்பட்டியைத் தேய்த்தார்.

மேலே ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் போனார்கள். முப்பது பேர் இருக்கும். கத்தி, மண்ணெண்ணெய் கேன். அதில் ஒருவனை எனக்குத் தெரியும். டவுனில் பாண் வாங்கும் கடையில் நின்று என்னோடு மேட்ச் பற்றிப் பேசுகிறவன். அவன் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். பற்றைக்குள் இருந்தது தெரிந்ததா, தெரியாதா, இன்று வரை எனக்குத் தெரியாது. திரும்பி நடந்துவிட்டான். என் கையில் இருந்த பிள்ளையின் நெஞ்சு கோழிக்குஞ்சின் நெஞ்சு மாதிரி அடித்தது. என்னுடையதும் அப்படித்தான் அடித்திருக்கும். பத்தொன்பது பிள்ளைகளில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. இது விளையாட்டா என்று கேட்க வாயெடுத்த அதே நான், அந்தப் பள்ளத்தில் அவருடைய காலைத் தொட்டுக் கும்பிடவேண்டும்போல உணர்ந்தேன். பயத்தில் நான் ஈரமாகியிருந்தேன். அதை அவர் பார்த்தார், ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை.

பொழுது சாய ஆமி வந்தது. மூன்று லயம் தரைமட்டம். ஸ்டோருக்குள் பதுங்கிய பெண்கள் ஓடிவந்து தங்கள் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவரவர் பிள்ளையைத் தடவிப் பார்க்கிற அவசரத்தில் ஆயம்மாவுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய காம்பராவும் எரிந்திருந்தது. அத்தனை கடுதாசிகளும் அதற்குள் இருந்தன.

எல்லோரையும் எரியாமல் தப்பிய ஸ்கூல் மண்டபத்தில் தங்க வைத்தார்கள். ஐந்தாம் நாள் காலை ஆபீஸ் டெலிபோன் அடித்தது. பெரிய கிளாக்கர் இன்னும் வேலைக்கு வரவில்லை, நான்தான் எடுத்தேன். குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு ஆண் குரல். ஆயம்மாவின் வீட்டுக்காரர்.

உயிரோடு இருந்தார். ஃபேக்டரிக்குத் தீ வைத்தபோது கூரைத் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தாராம். பாலத்துப் பக்கம் போகவில்லையாம். வீட்டுக்காரப் பெண் தன் மலையூருக்குக் கூட்டிப்போய்விட்டாளாம். அப்புறம் ஆஸ்பத்திரி. தோட்டத்து டெலிபோன் நம்பர் அங்கே அவர் காம்பராவோடு எரிந்துபோய், தோட்டக் கம்பெனியின் கொழும்பு ஆபீசில் கேட்டு வாங்க இவ்வளவு நாள். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் தகரத்தில் போய்விட்டன. பேனா பிடிக்க முடியவில்லை. "அந்த விசயத்த மட்டும் சொல்லாதீங்க, கிளாக்கரய்யா. பயந்துருவா. நான் நேர்ல வந்து பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றார். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். தோட்டத்தில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். கரிந்த வாடை என் மூக்கில் அடித்துக்கொண்டிருக்க, "எல்லாம் சுகம்" என்றேன். ஆயம்மாவைக் கூட்டிவர ஆள் அனுப்புகிறேன் என்று சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது.

ஸ்கூலுக்கு ஒரே ஓட்டமாக ஓடினேன். இந்தத் தரம் சொல்லப்போவது உண்மை, அதுவும் நல்லது. ஆயம்மா மண்டபத்து மூலையில் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அவரு பேசினாரு ஆயம்மா. இப்பத்தான். நல்லா இருக்காரு."

அவர் கை நிற்கவில்லை. அடுத்த பிள்ளைக்கும் பாதி பிஸ்கட்டைக் கொடுத்தார்.

"சத்தியமா பேசினாரு. வீட்டுக்காரப் பொண்ணோட மலைக்குப் போயிட்டாராம். பாலத்துப் பக்கம் போகலயாம்."

"அப்படித்தான் போவாருன்னு நான்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார். "நீங்க நல்ல மனுசருங்க, கிளாக்கரய்யா. இந்த நேரத்துல எனக்கு ஒரு ஆறுதல் சொல்லணும்னு ஓடி வந்திருக்கீங்க."

"ஆறுதல் இல்ல, ஆயம்மா. நெசம்."

"நெசம்னா ரெண்டு மாசமா ஏன் ஒரு வரி போடல? நான் என்ன பாடுபடுவேன்னு அவருக்குத் தெரியாதா?"

"வேலை மும்முரமாம். எழுத நேரமில்லையாம்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கடலைச் சொன்னதும் சலசலப்பைச் சொன்னதும் இதே வாய்தான், அவர் எதற்கு நம்பவேண்டும்? ஊரெல்லாம் எரிந்து முடிந்த பிறகு, உலகத்திலேயே ஒருத்தருக்குத் தெரியவேண்டிய ஒரு உண்மை என் கையில் இருந்தது, அதை வாங்க அவர் கை நீட்டவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த அழுகை.

"எழுத முடியலயாம், ஆயம்மா" என்றேன். "சொல்லவேணாம்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. தகரத்தப் பெயர்த்து வெளிய வரும்போது வெட்டி, வலது கையில ரெண்டு வெரலு போயிருச்சு. பேனா பிடிக்க வரலயாம்."

பிஸ்கட் உடைத்த கை நின்றது. முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எந்த வெரலு?"

"நடு வெரலும் மோதர வெரலும்."

தன்னுடைய வலது கையை விரித்து அந்த இரண்டு விரல்களையும் மடக்கினார். மிச்சம் நின்றதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இருக்காரு" என்றார். "இருக்காரு, கிளாக்கரய்யா."

அதற்குப் பிறகுதான் அழுதார்.